எட்டுப் பேருக்கு ஒன்பது கார்டு

1

அன்று மாலை பூங்கா வாசலில் நின்றவர்கள் எட்டுப் பேர். என் அண்ணன் கோவிந்தன், அண்ணி அஞ்சலை, ரப்பர் தோட்டத்தில் அவர்கள் லயத்திலேயே, அதே கூலி வீட்டு வரிசையில், குடியிருக்கும் காத்தான், அவன் மனைவி, இன்னும் இரண்டு தம்பதிகள். அண்ணன் மகள் தனத்துக்கு ஏழு வயது. கார்டு வாங்கும் வயதில்லை, ஆகவே அவள் கணக்கில் இல்லை. நான் பட்டணத்திலிருந்து தனியாக வந்து வாசலில் சேர்ந்துகொண்டவன், நானும் கணக்கில் இல்லை. வராதவன் ஒருவன்: அதே லயத்துச் சன்னாசி.

இதை இவ்வளவு திருத்தமாக எழுதுகிறேன் என்றால், பிறகு எங்களைக் கேட்ட எல்லோரும் இந்த ஒரு கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். யார் வந்தது, யார் வராதது?

இந்த மாதம் மலாயா விடுதலை பெறுகிறது. மலாக்காவில் கடைக்குக் கடை கொடி. பண்டார் ஹிலிரில் கடலோரத்துக் கேளிக்கைப் பூங்காவுக்கு இராட்டினம் முழுக்க வண்ண விளக்கு மாட்டியிருக்கிறார்கள். அதோடு, விழாக் கூட்டத்தை எண்ணி, வாசல் சோதனையையும் மறுபடி இறுக்கிவிட்டார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி இன்று சாயங்காலம் அந்த வேலைக்குக் கிளம்பினாள். வீட்டு வாசலில் நின்று, "நீ வருகிறாயா தம்பி? பண்டிகை மாதிரி இருக்கிறது" என்று மலாயில் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

போன ஆண்டு நடந்ததை இந்தியாவில் நம் ஊரில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அண்ணனைப் பற்றி ஊரில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள் என்று கேள்வி. ஏதோ செய்யாமலா கப்பலேற்றி அனுப்பியிருப்பான் என்கிறார்களாம்.

2

வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காஜா பேராங்கில் செட்டிகள் குடியிருப்பு ஒன்று உண்டு. பல தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வணிகத்துக்கு வந்து, இங்கேயே மணம் செய்து, இங்கேயே நிலைத்துவிட்டவர்கள். வீட்டுக்கு வீடு விபூதி மணக்கும், தெருவுக்குத் தெரு கோவில். வாயைத் திறந்தால் மலாய். வீட்டுக்காரி மாக் லெட்சுமிக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை எண்ணிவிடலாம்: சாமி, பூசை, தாலி, தம்பி. அவளுடைய பின்கட்டு அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். பகலில் ஒரு ராவுத்தரின் துணிக்கடையில் கணக்கும் ஆங்கிலக் கடிதமும் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். போக வைத்தவர் அண்ணன். பால் மரம் சீவின கூலியில்.

அடையாளக் கார்டு என்ற ஒன்றை நம் ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே அவசரகாலம் வந்ததிலிருந்து பெரியவர் ஒவ்வொருவருக்கும் அது உண்டு. புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் ஒட்டிய அட்டை. அதில்லாமல் வெளியே காலெடுத்து வைப்பதே குற்றம். அரசாங்கத்தோடு சண்டையிட்டுக் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கிராமங்களில் இறங்கி, ஜனங்களின் கார்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போவதுண்டு. அதனால் ஒருவன் கையில் பிறத்தியார் கார்டு இருந்தால், அது கத்தி இருப்பதைவிட மோசம். இது பட்டணத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் அது வேறு விதமாகத் தெரியும்.

தோட்டத்து வாசலில் தினமும் விடியற்காலை சோதனை. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் குந்த வைத்து, தூக்குச்சட்டியைத் திறந்து, மடியை அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். மரம் சீவுகிறவர்கள் மடியில் கார்டை வைத்தால் வியர்வையிலும் பாலிலும் ஊறிப் போகும், போனால் அபராதம். அதற்காக லயத்துக்கு ஒருவர் எல்லோருடைய கார்டையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்துக்கொள்வார். வாசலில் பையை நீட்டினால் காவல்காரன் கார்டை எண்ணுவான், தலையை எண்ணுவான், சரி, போ என்பான். எங்கள் லயத்துப் பை அண்ணனிடம். "கோவிந்தன் வரிசைதான் வரிசை" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பத்துப் பேர் எதிரில் மெச்சியதை அண்ணன் எனக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

3

பூங்காவில் சோதனை கடுமையானது அண்ணன் வந்த மாலைக்கு முந்தைய மாதத்தில். எங்கோ ஓர் ஊரில், இதே போன்ற பூங்காவுக்குள் வெடிகுண்டு கொண்டுபோனார்களாம். எந்த ஊர் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். வாசலில் நீள மேசை போட்டு, மூன்று மாத்தாக்கள் நின்றார்கள். போலீஸ்காரனை இங்கே மாத்தா என்போம். பெண்களுக்குத் துணித்தடுப்பு. அதற்குள் மாக் லெட்சுமி.

நான் கடை முடிந்து அந்த வழியாகத்தான் வருவேன். ஜனங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று நின்று பார்ப்பதுண்டு. சீனத் தையற்கடை வாலிபர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நாட்டியக்காரி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். வரிசையே சிரிக்கும். மலாய்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், மனைவியைத் தடுப்புக்குள் போகச் சொன்னதும், பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்க் கடற்கரையில் கடலை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. எங்கள் கடைப் பையன்கள், "அத்தர் பூசிட்டு வந்தா மாத்தா மோந்து பாக்குறான் முதலாளி, வெடிமருந்து வாடையாம்" என்று ராவுத்தரிடம் புகார் சொன்னார்கள். "நீ பூசுற அத்தருக்கு அவன் மயங்கி விழலயேன்னு சந்தோசப்படு" என்றார் அவர்.

உள்ளே போகாமல் வாசலை மட்டும் பார்க்க வருகிறவர்களும் உண்டு. எதிர்ச்சாரியில் ஐஸ் வண்டி அருகே நின்று, யார் பைக்குள்ளிருந்து என்ன வருகிறது என்று பார்ப்பார்கள். அங்கே சோதனைதான் முதல் ஆட்டம். அதற்குச் சீட்டும் கிடையாது.

மாக் லெட்சுமி வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு சொல்லுவாள்: "உங்கள் பெண்கள் என் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் பொரிகிறார்கள். எனக்குப் புரியவில்லை என்றால் திமிர் என்கிறார்கள். தாலியைத் தொட்டால் ஒருத்தி அழுகிறாள். சீனப் பெண்களுக்குக் கூச்சம், கிளுகிளுவென்று சிரிக்கிறார்கள். யாருக்கும் பயமில்லை தம்பி. பயம் எனக்குத்தான். என்றைக்காவது என் கை அந்த ஒன்றைத் தொட்டுவிடுமோ என்று."

4

அண்ணி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இராட்டினத்தில் ஏறினால் கப்பல் தெரியுமாமே, உண்மையா? சம்பளம் போட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லாரியில் கிளம்பிவிட்டார்கள். தனத்துக்குப் புதுக் கவுன். காத்தான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

நான் எதிர்பார்த்தது வேறு. அவர்கள் முரண்டுவார்கள், நான் சமாதானம் சொல்லி, மாத்தாவிடம் மலாயில் பேசி உள்ளே அழைத்துப் போவேன் என்று நினைத்திருந்தேன். லாரியிலிருந்து இறங்கி வாசல் மேசையைப் பார்த்த மாத்திரத்தில், யாரும் சொல்லாமலே, ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம் போய்க் குந்தினார்கள். பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மடியில் விரித்தார்கள். காத்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தான். புதுக் கவுனோடு தனமும் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

வரிசை அப்படியே நின்றது. ஐஸ் வண்டிப் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு. பிறகு பல. இளம் மாத்தா ஒருவனுக்கே முகம் சிவந்துவிட்டது. "பாங்குன், பாங்குன்" என்றான். எழுந்திருங்கள் என்று அர்த்தம்.

"ஏண்ணே, எந்திரிங்க. இது தோட்டமில்ல" என்றேன்.

"வாசல்னா எல்லாம் வாசல்தாண்டா" என்றார் அண்ணன். "சும்மா நிக்குறத விட இப்படி இருந்தா சுருக்கா விடுவான்."

"விட்டா சரி. இல்லாட்டி கிராணித் தம்பி இங்கிலீசுல ரெண்டு விட்டா எறங்கிருவான்" என்றான் காத்தான், கடைக் கணக்கெழுதும் என்னைக் காட்டி.

ஊரில் எங்களை யாரும் இப்படிச் சோதித்ததில்லை. எங்களை உள்ளே விட்டால்தானே சோதிக்க வேண்டியிருக்கும்? பெரியவீட்டு வெளிக்கதவு வரையில்தான் எங்கள் வழி. அங்கே தோள் துண்டு தானாக இடுப்புக்கு வந்துவிடும். அதையும் யாரும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன் எங்கள் துணியையெல்லாம் ஆவியில் வேகவைத்துவிட்டு வைத்தியர் முன் வரிசையில் நிறுத்தினார்கள். எனக்கு அப்போது தனத்தின் வயது. அண்ணன் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "நாக்க நீட்டு, கேட்கிறதுக்கு முன்னாடியே நீட்டிரு" என்றார். அது நினைவுக்கு வந்தது.

அண்ணன் எழுந்து, சட்டைக்குள்ளிருந்து துணிப்பையை எடுத்து இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார். "எல்லாம் இருக்கு துவான்" என்றார், சற்றுப் பெருமையாகவே.

மூத்த மாத்தா பையைக் கவிழ்த்தான். கார்டுகள் சரிந்தன. அவன் கை அப்படியே நின்றது. அண்ணனைப் பார்த்தான், பிறகு கார்டுகளைப் பார்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து முகத்துக்கு முகம் ஒப்பிட்டான். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"சியாப்பா பூன்யா?" யாருடையது?

அப்போதுதான் எங்களுக்குச் சன்னாசியின் நினைவே வந்தது. வழியில் செமாபோக் வந்ததும் லாரியை நிறுத்தச் சொல்லி, "தங்கச்சியப் பாத்துட்டுப் பின்னாடியே வந்துர்றேன், இராட்டினத்த நிறுத்தி வைங்க" என்று குதித்து ஓடியிருக்கிறான். கார்டை அவனும் கேட்கவில்லை, அண்ணனும் கொடுக்கவில்லை. கார்டு என்றால் வாசலில் காட்டுவது என்றே அவர்கள் பழகியிருந்தார்கள். வழியில் கையோடு இருக்க வேண்டியது என்ற எண்ணமே எழவில்லை.

மூத்த மாத்தா ஊதலை எடுத்து ஊதினான். ஐஸ் வண்டிப் பக்கம் சிரிப்பு நின்றது. வரிசையில் எங்களுக்கு அடுத்து நின்ற குடும்பம் இரண்டடி பின்னால் போனது. தையற்கடை வாலிபன் ஒருவன் தன்னோடு வந்த பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு பக்கம் நடந்தான். ஜீப் வரும்வரை எங்களைச் சுற்றி ஓர் ஆள் இல்லை. தடுப்புத் துணியை விலக்கிக்கொண்டு மாக் லெட்சுமி மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

5

மற்றவர்களை அன்றே விட்டுவிட்டார்கள். அண்ணனை விடவில்லை.

அதிகாரி வெள்ளைக்காரர், இளவயது. என் ஆங்கிலத்தைப் பாராட்டி, எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"எதுக்கு எல்லார் கார்டும் உன்கிட்ட?"

"அதுதான் வழக்கம், தொரை."

"யாருடைய வழக்கம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "தோட்டத்து வழக்கம்னு சொல்லு. மண்டோரைக் கேக்கச் சொல்லு."

கேட்டார்கள். தோட்டத்து மேனேஜர் துரை, அப்படி ஒரு விதி எங்களிடம் இல்லை என்று பதில் அனுப்பினார். அது உண்மைதான், விதி இல்லை. மண்டோர், கார்டு அவரவரிடம்தான் இருக்கும், கோவிந்தன் ஏன் வாங்கி வைத்தான் என்று தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். காவல்காரன், தான் புதிது என்றான். லயத்து ஆட்களில் காத்தான் ஒருவன்தான் வந்து சத்தியம் செய்தான். கார்டைக் கொடுத்தவனே சாட்சி சொன்னால் செல்லாது என்று அவனைத் திருப்பி அனுப்பினார்கள்.

"அந்தச் சன்னாசி வந்து, இது என் கார்டு, இன்ன இடத்தில் இருந்தேன் என்று சொல்லட்டும். உன் அண்ணனை அனுப்பிவிடுகிறேன்" என்றார் அதிகாரி. "வராவிட்டால், அவன் கார்டை விட்டுவிட்டு எங்கே போனான் என்று நானே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்."

சன்னாசி வரவில்லை. லாரிக்காரன் மூலம் செய்தி கேட்டிருக்கிறான். கார்டில்லாமல் சாலையில் கால் வைக்க முடியாது, கார்டோ போலீஸில் இருக்கிறது. ஒருநாள் தாமதித்தான். அடுத்த நாள் வருவதற்கு இன்னும் பயம். நாள் ஏற ஏற, அவன் இல்லாதது அண்ணனுக்கு எதிராக நின்றது.

ராவுத்தர் எனக்காக இரண்டு தடவை ஸ்டேஷனுக்கு வந்து பேசினார். திரும்பும்போது ரிக்‌ஷாவில் சொன்னார்: "இந்தியாவுல பொறந்தவன்னா கப்பலேத்திருவான். இங்கனயே பொறந்தவன்னா அனுப்ப ஊரு ஏது? கம்பிவேலிக்குள்ள போட்டுருவான், எப்ப விடுவான்னு அவனுக்கே தெரியாது. கப்பலுக்காச்சும் ஒரு கரை இருக்கு வாப்பா."

6

செமாபோக்கில் சன்னாசியின் தங்கை மருதாயியின் வீட்டுக்கு மூன்றாம் முறை போனபோது நல்ல வெயில். போலீஸ் வந்து போன பிறகு அக்கம்பக்கத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லை. அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். கொடியில் ஆண் சட்டை இரண்டு காய்ந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அவள் புருஷன் நெட்டை. சன்னாசி குள்ளம்.

நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"வந்தான், சோறு தின்னான், போயிட்டான். போலீசுக்கும் அதான் சொன்னேன்" என்றாள்.

"அக்கா, எங்கண்ணன் உள்ள இருக்காரு. அவன் ஒருவாட்டி வந்து நின்னா போதும்."

"வந்து நின்னா உங்கண்ணன் வெளிய வருவாரு. எங்கண்ணன் உள்ள போவான். எது வேணும்னு என்னையவா கேக்குறீங்க?"

கதவைச் சாத்தவில்லை. அதுதான் என்னை அங்கேயே நிறுத்தியது. சாத்தியிருந்தால் கோபத்தோடு ஸ்டேஷனுக்கு நடந்திருப்பேன். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதோ தட்டு நகரும் சத்தம் கேட்டது. எங்கள் இருவருக்கும் கேட்டது.

7

அண்ணனிடம் சொன்னேன். கம்பிக்கு அந்தப்பக்கம் அவர் தரையில் குந்தியிருந்தார்.

"பாத்தியா?"

"ஆளைப் பாக்கல. சட்டையப் பாத்தேன்."

விரலால் தரையைத் தேய்த்தார். "சொல்லிட்டியா?"

"இல்ல. உங்களைக் கேட்டுட்டு..."

"சொல்லாத."

"அண்ணே, உங்களைக் கப்பலேத்திருவாங்க."

"ஏத்தட்டும். நான் போனா ஊருக்குப் போறேன். அந்தப் பய போனா எங்கடா போவான்? அவன் லயத்துல பொறந்தவன். ஊருன்னு ஒன்னு அவனுக்குக் கிடையாது." பிறகு, "அவன் கார்டு என் பையிலதானே இருந்துச்சு" என்றார்.

நான் வாதாடினேன். ஊரில் என்ன இருக்கிறது, யார் வேலை கொடுப்பார்கள், தனத்தை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அவள் பூனையைக்கூட மலாயில்தான் கூப்பிடுகிறாள் என்றெல்லாம் சொன்னேன். காவலன் வந்து நேரமாகிவிட்டது என்றான். அவன் சொல்லி முடிக்கும் முன்னே அண்ணன் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

நாடு கடத்தும் உத்தரவை நான்தான் வாசித்துப் பொருள் சொன்னேன். அதில் கார்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொதுமக்களின் பாதுகாப்பு கருதி என்று மட்டும் இருந்தது.

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அண்ணனைத் தனியாகக் கொண்டுவந்து ஏற்றினார்கள். எங்களைக் கிட்டே விடவில்லை. அண்ணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். தனம் தெரியாத யாரோ ஒரு மலாய்ப் பிள்ளையோடு கூவிக் கூவி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சன்னாசி எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா கொழுந்தனாரே?" என்றாள் அண்ணி.

நான் தனம் விளையாடும் பக்கம் பார்த்தேன்.

"சொல்ல வேணாம்னு அவருதான் சொன்னாரா?"

"ஆமாண்ணி."

"அவன் வேலிக்குள்ள போகக் கூடாதுன்னு நினைச்சாரு. சரி, நல்ல மனசு. என்னைய ஒரு வார்த்தை கேட்டாரா? எங்கம்மாவை இந்த மண்ணுலதான் புதைச்சிருக்கேன். நானும் இங்கதான் பொறந்தவ. எனக்கு மட்டும் ஊரு எங்க இருக்கு?"

அது எனக்குத் தெரிந்த விஷயந்தான். அண்ணிக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அந்தக் கம்பிக்கு எதிரில், அண்ணனுக்கும் சரி, படித்த எனக்கும் சரி, அது நினைவுக்கு வரவில்லை. அவள் எழுந்து, தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, சோதனை மேசையை நோக்கி நடந்தாள். குந்தவில்லை. மூட்டையை அவிழ்க்கச் சொன்னவனிடம், "நீயே அவுத்துக்க" என்றாள்.

அண்ணனுக்கு அரசாங்கமே கப்பல் சீட்டு எடுத்தது. கூடப் போகும் பெண்டு பிள்ளைகளுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். அண்ணிக்குக் கூலிகள் போகும் திறந்த மேல்தளத்தில் ஒரு முழுச் சீட்டு, தனத்துக்கு அரைச் சீட்டு, அம்மைப்பால் குத்திய சான்றிதழ், துறைமுகம் வரை ரயில். ராவுத்தர் பாதி கொடுத்தார், காத்தானும் லயத்தாரும் கொஞ்சம் சேர்த்தார்கள், மீதி நான். மொத்தம் நூற்று நாற்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு.